நேபாளத்து டிமுரைச் சமையலில் கையாளும் முறை

நேபாளத்திலிருந்து திரும்பிய உறவினர் ஒரு பொட்டலம் டிமுர் கொண்டுவந்து கொடுத்தார் என்றும், "அந்த ஊர் மிளகு" என்று அவர் சொன்னதை நம்பி இரண்டு தேக்கரண்டி அளவுக்கு அப்படியே பொடித்து ரசத்தில் கொதிக்கவிட்டதில் ரசம் கசந்து, பல்லில் மணல்போல நறநறத்து, சாப்பிட்டவர்களுக்கெல்லாம் உதடும் நாக்கும் சிறிது நேரம் மரத்துப்போயின என்றும் எழுதியிருந்தீர்கள். சரக்கு கெட்டுப்போனதா, உடம்புக்கு ஆகாத ஏதேனும் கலந்துவிட்டதா, மீதியை எறிந்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. எறிய வேண்டாம். நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் அது நல்ல டிமுர்தான். நாக்கு மரத்துப்போனதே அதற்குச் சாட்சி. விதையை நீக்காமல் அரைத்தது, அளவு கூடியது, நெடுநேரம் கொதித்தது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் உங்கள் ரசத்தைக் கெடுத்திருக்கின்றன. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை: அதை மிளகாக எண்ணிக் கையாண்டது. வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் நேபாளத்தின் போக்ரா நகரில் குடியிருந்தபோது, நாங்கள் "ஆமா" என்று அழைத்த வீட்டுக்கார அம்மாளிடம் இதைப் புழங்கக் கற்றுக்கொண்டவன் நான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அதன் குலத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கையாளும் முறை முழுவதும் அதிலிருந்தே வருகிறது. மிளகும் வால்மிளகும் திப்பிலியும் வெற்றிலையும் ஒரே குடும்பத்துச் செடிகள். டிமுர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, வில்வம், விளா, நம் கறிவேப்பிலை ஆகியவை எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தாவரவியலார் அதற்கு வைத்த பெயர் ஸாந்தோஸைலம் ஆர்மேட்டம். ஆர்மேட்டம் என்றால் ஆயுதம் தரித்தது என்று பொருள், தண்டிலும் இலைக்காம்பிலும் இருக்கும் முட்களைக் கண்டு வைத்த பெயர். உங்களிடம் பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேற்புறம் முழுவதும் சின்னஞ்சிறு கொப்புளங்கள் புடைத்துக்கொண்டிருக்கும். நாரத்தங்காயின் தோலில் நாம் காணும் அதே எண்ணெய்ப் பைகள்தாம் அவை. நாரத்தைத் தோலை மடித்து அழுத்தினால் கண்ணில் தெறிக்கும் எண்ணெய் எங்கே இருக்கிறதோ, டிமுரின் மணமும் அங்கேதான் இருக்கிறது. இந்த உறவு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. டிமுரின் நெருங்கிய உறவான, சீனச் சமையலில் புழங்கும் சிச்சுவான் மிளகை அமெரிக்கா 1968 முதல் 2005 வரை இறக்குமதி செய்யவிடாமல் தடுத்துவைத்திருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் சொறிநோய்க் கிருமி அந்தத் தோலிலும் தங்கி வரக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பிறகு, சூடேற்றிப் பக்குவப்படுத்திய சரக்கை மட்டும் அனுமதித்தார்கள்.

வால்மிளகோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு, இரண்டிலும் சிறு காம்பு ஒட்டிக்கொண்டிருப்பதால். வால்மிளகு உருண்டையாக, சுருக்கம் விழுந்து, மூடியே இருக்கும். டிமுர் காய்ந்ததும் வாய்பிளந்து இரண்டு இதழ்போல விரிந்து, உள்ளே எண்ணெய் தடவியதுபோல மின்னும் ஒரு கரிய விதையைக் காட்டும். அந்த விதையில் மணமும் இல்லை, விறுவிறுப்பும் இல்லை; எவ்வளவு அரைத்தாலும் அது மணலாகத்தான் இருக்கும். நீங்கள் பல்லில் உணர்ந்தது அதைத்தான்.

இமயமலை அடுக்குகளில் ஏறக்குறைய 1000 மீட்டரிலிருந்து 2500 மீட்டர் உயரம் வரையுள்ள சரிவுகளில், காட்டோரத்திலும் வயல் வரப்பிலும் புதராகவோ சிறு மரமாகவோ இது தானாக முளைக்கிறது. மேற்கு நேபாளத்தின் சல்யான் மாவட்டத்து டிமுருக்குத் தனிப் பெயர் உண்டு. பியூட்டான், ரோல்பா, மியாக்தி போன்ற மலை மாவட்டங்களிலும் நிறைய விளைகிறது. மலையில் சேர்த்த சரக்கு நேபாள்கஞ்ச் வழியாக இந்தியாவுக்கு இறங்குகிறது. எல்லைக்கு இப்பால் குமாவுன், கட்வால் பகுதிகளில் இதைத் திம்ரு, தேஜ்பல் என்கிறார்கள். அங்கே இதன் குச்சியை ஒடித்துப் பல் துலக்குகிறார்கள். நாம் ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதி என்று சொன்னதுபோல அவர்களுக்கு இது. முட்களின் அடி தடித்துக் குமிழ் குமிழாக நிற்கும் இதன் தண்டு, மலையேறும் யாத்திரிகர்களுக்கு ஊன்றுகோலாகவும் ஆகிறது.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வசந்தத்தில் பூத்து, மழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் பெண் செடிகளில் கொத்துக் கொத்தாகக் காய் சிவந்து முற்றும். பறிப்பது எளிய வேலை அன்று. ஆமா தன் பிறந்த ஊரில் டிமுர் பறித்த கதையைச் சொல்லும்போதெல்லாம் கட்டைவிரலின் பக்கவாட்டைக் காட்டுவார்; முள் கீறிய வெள்ளைத் தழும்புகள் அங்கே குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். கையால் கொத்தைக் கிள்ளிப் பறிப்பதே முறை. அவசரத்துக்குக் கிளையை வெட்டிக் கீழே போட்டுப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வெட்டினால் அடுத்த ஆண்டுகளின் காய்ப்பு போய்விடும், காட்டில் பெண் செடிகளே குறைந்துபோகும். விதையின் மேலோடு எண்ணெய்ப் பசையோடு கெட்டியாக இருப்பதால் முளைப்பும் சுணக்கம்தான். ஆகவே ஒரு பிடி டிமுருக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மதித்துச் சிறிது சிறிதாகச் செலவிட வேண்டும் என்பது என் எண்ணம். நல்வாய்ப்பாக, சமையலுக்கும் சிறிது போதும்.

இனி நாக்கு மரத்துப்போனதைப் பற்றி. மிளகின் காரம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுவது, மிளகாயும் அப்படியே. டிமுர் செய்வது வேறு. அதன் தோலில் சான்ஷூல் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஜப்பானியர் தம் நாட்டு உறவுச் செடியை சான்ஷோ என்று அழைப்பதிலிருந்து வந்த பெயர் இது. சான்ஷூல், தொடுதலையும் அதிர்வையும் உணரும் நரம்பிழைகளைத் தூண்டிவிடுகிறது. 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஓர் அழகான சோதனை செய்தார்கள். இதே பேரினத்துச் சிச்சுவான் மிளகைத் தன்னார்வலர்களின் உதட்டில் தடவி, விரலில் ஓர் அதிர்வுக் கருவியைப் பொருத்தி, உதட்டில் உணரும் துடிப்புக்கு விரலின் அதிர்வு வேகமா மெதுவா என்று ஒப்பிடச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனது நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுகளில். அதாவது அங்கே எதுவும் அதிரவில்லை, ஆனால் அதிர்வதாக நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் வாங்கி வாயிலிட்டு மென்றவர்களுக்கு இந்த உணர்வு புதிதாக இருக்காது: முதலில் ஒரு கூச்சம், பிறகு விறுவிறுப்பு, எச்சில் ஊறல், கடைசியில் மரப்பு. அக்கரகாரத்தில் இருப்பதும் சான்ஷூலுக்கு நெருங்கிய வகைப் பொருள்தான். சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும் உணர்வு இது, அச்சப்பட வேண்டியதில்லை.

மணம் தனிக் கணக்கு. கொத்தமல்லி விதைக்கு மணம் தரும் லினலூல், ஆரஞ்சுத் தோலுக்கு மணம் தரும் லிமோனீன் ஆகிய இரண்டும் டிமுர் எண்ணெயில் உண்டு. ஐரோப்பியச் சமையல்காரர்கள் இதைப் பப்ளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணமென்று கொண்டாடுகிறார்கள். என் மூக்குக்கு நாரத்தை இலையைக் கசக்கியதுபோலவும், அதோடு சற்றே கற்பூரம் கலந்ததுபோலவும் படுகிறது. இவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் கிடந்தால் மணம் ஆவியோடு சமையலறையை நிறைத்துவிட்டுப் போய்விடும், பாத்திரத்தில் கசப்பும் மரப்பும் மட்டும் தங்கும். உங்கள் ரசத்துக்கு நேர்ந்தது இதுதான். மரத்துப்போகச் செய்யும் பொருளோ நீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும். ஆகையால்தான் நேபாளத்தில் அநேகமாக எல்லா டிமுர்ப் பக்குவங்களிலும் கடுகெண்ணெய் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து சேர்கிறது.

ஆமா அதைப் பக்குவப்படுத்தும் முறையைச் சொல்கிறேன். ஒரு கைப்பிடியை நாங்லோ என்னும் வட்டமான மூங்கில் முறத்தில் கொட்டிப் பரப்புவார். முறத்தைச் சாய்த்து விளிம்பில் விரலால் தட்டத் தட்ட, கரிய விதைகள் மணிமணியாகச் சரிவை நோக்கி உருண்டோடும். பிளந்த தோல்கள் மூங்கில் பின்னலைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். மூன்று தட்டலில் முக்கால்வாசி விதை பிரிந்துவிடும். தோலைவிட்டு வராத விதையை நகத்தால் நெம்பி எடுப்பார். காம்பையும் முள்ளையும் பொறுக்குவதில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை, ஏனென்றால் ஒரே ஒரு முள் தப்பினாலும் அது சாப்பிடுபவரின் தொண்டைக்குத்தான் போகும். பிறகு வெறும் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பைத் தணித்து, தோல்களைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுவார். நிறம் மாறக் காத்திருக்கக் கூடாது. மூக்கில் மணம் ஏறிய நொடியில் இறக்கிவிட வேண்டும், கருகினால் மருந்து வாடைதான் மிஞ்சும். ஆறியதும் சிலௌட்டோவில், அதாவது அவர்கள் ஊர் அம்மியில், உப்புக்கல்லோடு வைத்து ஓட்டுவார். உப்புக்கல் சேர்ந்தால் தோல் வழுக்காமல் நன்றாகப் பொடியும். நம் வீட்டில் முறம் இல்லையென்றால் விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றில் துணியை விரித்துச் சாய்த்துத் தட்டலாம். அம்மி இல்லையென்றால் சிற்றுரல் போதும். மிக்ஸியில் போட்டால் விதைத் துணுக்குகளும் சேர்ந்து அரைபட்டுவிடும், பொடியையும் கட்டாயம் சலிக்க வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் டிமுர் இல்லாத நாள் இல்லை என்றாலும், எந்தக் குழம்பிலும் அதைக் கொதிக்கவிட்டு நான் பார்த்ததில்லை. தினமும் வந்தது தக்காளி அச்சார். அவர்கள் கோல்பேடா கோ அச்சார் என்பார்கள். நமக்கு அச்சார் என்றால் ஊறுகாய், அவர்களுக்கு அன்றன்று அரைக்கும் துவையலும் அச்சார்தான். நடுத்தரமான நான்கு தக்காளிகளைத் தணலிலோ அடுப்பின் மேலோ தோல் கருகச் சுட்டு, தோலை உரித்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து காய்ந்த மிளகாய், நான்கு பல் பூண்டு, விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு டிமுர்த் தோல், உப்பு ஆகியவற்றை முதலில் நன்றாக அரைத்துவிட்டு, கடைசியில் தக்காளியைச் சேர்த்து ஒன்றிரண்டாக மசிக்க வேண்டும். மேலே புகையக் காய்ச்சி ஆறிய கடுகெண்ணெய் ஒரு தேக்கரண்டியும் நறுக்கிய கொத்தமல்லித் தழையும் போதும். மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளும் அச்சாரில் சுண்டி இழுக்கும் அந்த மணம் டிமுருடையதுதான்.

உருளைக்கிழங்கு அச்சாரிலும் இது உண்டு. வேகவைத்த கிழங்கில் வறுத்துப் பொடித்த எள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, டிமுர்ப் பொடி எல்லாம் சேர்த்து, கடுகெண்ணெயில் வெந்தயத்தைக் கருநிறம் வரும்வரை தாளித்துச் சுடச்சுட மேலே ஊற்றிப் பிசறுவார்கள். காளி கண்டகி ஆற்றங்கரையைப் பூர்விகமாகக் கொண்ட தகாலி மக்களின் வீட்டில் இன்னும் எளிமையான ஒன்று இருக்கும்: டிமுர் கோ சோப். நம் இட்லிப்பொடிபோல எப்போதும் கைவசம் வைத்திருக்கும் உலர்ந்த பொடி. காய்ந்த மிளகாய், டிமுர், உப்பு மூன்றும்தான் அடிப்படை. வறுத்த உருளைக்கிழங்கையும், சுகுட்டி என்னும் உப்புக்கண்டத்தையும் அதில் தொட்டுத் தின்பார்கள். இதைச் சாப்பிட்டபோதுதான் டிமுரின் வேலை எனக்கு முழுதாகப் புரிந்தது. மிளகாயின் எரிச்சல் ஏறும்போதே டிமுர் நாக்கை லேசாக மரக்கச் செய்து அந்த எரிச்சலின் முனையை மழுக்கிவிடுகிறது. கொழுப்பான கறி திகட்டாமல் அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிறது.

இனி நம் சமையலுக்கு வருவோம். ரசத்தில் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வழக்கமான மிளகும் சீரகமும் அவற்றின் அளவிலேயே இருக்கட்டும். ரசம் நுரைகூடி இறக்கியபின், கொத்தமல்லித் தழை தூவும் நேரத்தில், நான்கு பேருக்கான ரசத்துக்கு ஐந்தாறு தோல்களை நசுக்கிப் போட்டு மூடி வையுங்கள். எலுமிச்சை ரசத்துக்கு இது மிகவும் பொருந்தும், ஏற்கெனவே அந்தக் குலத்து மணம் அங்கே இருப்பதால். அன்றைக்குப் பெருங்காயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் முந்திக்கொண்டு மூக்குக்கு வந்தால் ஒன்றுமே தெளிவாகத் தெரியாது. சாம்பாரில் வீணாகும், பருப்பும் புளியும் காய்களும் அதை விழுங்கிவிடும். சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு, தக்காளித் துவையல், வெள்ளரிக்காய்ப் பச்சடி ஆகியவற்றில் நன்றாக எடுபடும். மீன் வறுவலில் மசாலாவோடு சேர்த்துப் பொரிக்காமல், பொரித்து எடுத்தபின் டிமுரும் உப்பும் கலந்த பொடியைச் சூட்டோடு தூவிப் பாருங்கள். நான்கு பேருக்கு அரைத் தேக்கரண்டிப் பொடிக்கு மேல் எதற்கும் தேவைப்பட்டதில்லை.

தேங்காய் அரைத்த குழம்புக்கு இது ஒத்துவருமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஒத்துவரும், அதற்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே சான்று இருக்கிறது. கொங்கணக் கரையிலும் கோவாவிலும் திர்பல் அல்லது தெப்பல் என்று அழைக்கும் காய், டிமுரின் பேரினத்தைச் சேர்ந்த ஸாந்தோஸைலம் ரெட்ஸா என்னும் பெரிய முள்மரத்தில் காய்ப்பது. தேங்காயும் மிளகாயும் அரைத்து விட்ட அயலை மீன் குழம்பில், காய்ந்த திர்பலை லேசாகத் தட்டி முழுசாகப் போடுவார்கள். மணம் இறங்கியபின் தோலை யாரும் மெல்வதில்லை, கறிவேப்பிலையைப்போல ஒதுக்கிவைத்துவிடுவார்கள். திர்பல் டிமுரைவிடப் பருமனானது, மரவாடை கூடியது. இன்னோர் உறவு சுமத்ராவின் தோபா ஏரியைச் சுற்றிய மலைகளில் இருக்கிறது. அங்குள்ள படாக் மக்கள் அந்தலிமான் என்னும் காயைப் பச்சையாகவே அரைத்து, மஞ்சளும் புளிப்பும் கூட்டி, ஆர்சிக் என்னும் கெண்டைமீன் பக்குவத்தைச் சமைக்கிறார்கள். சீனாவில் சோங்சிங் பகுதியில் பச்சை நிறத்திலேயே பறித்துக் காயவைக்கும் மிளகுக்காகப் பெருமளவில் பயிராவதோ, உங்கள் பொட்டலத்தில் இருக்கும் அதே இனம். பெயரில் ஏமாறக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நேபாளச் சந்தையில் சில்டிமுர் என்று விற்பது இலவங்கப்பட்டைக் குடும்பத்துச் சிறு மரத்தின் காய். அதற்கும் எலுமிச்சை மணம் உண்டு, ஆனால் நாக்கு மரக்காது, வாய் பிளக்காமல் உருண்டையாக இருக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். பொடியில் விதை, காம்பு, பழைய சரக்கு எதையும் மறைத்துவிடலாம். முழுதாக வாங்கி, ஒரு தோலை இரு விரல்களுக்கிடையே அழுத்தித் தேயுங்கள். புதியதாக இருந்தால் விரலில் பிசுபிசுப்பும் நாரத்தை மணமும் ஒட்டிக்கொள்ளும், கையைத் துடைத்த பிறகும் சிறிது நேரம் நிற்கும். வைக்கோல் வாடை அடித்தால் அது பழையது. நிறத்தைவிட மணத்தையே நம்ப வேண்டும், செம்பழுப்பாகவும் கருத்தும் இரு விதமாகவும் நல்ல சரக்கு வரும். கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி, வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைத்தால் ஓராண்டுவரை மணம் தாங்கும்.

உடம்புக்குக் கெடுதலா என்ற உங்கள் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மலைநாட்டார் பல்வலிக்கு இதை வாயில் அடக்கிக்கொள்வதும், வயிற்று மந்தத்துக்குச் சிறிது தின்பதும் பழைய வழக்கம். அதே நேரம், முசூரிக்கு அருகே ஜௌன்பூர்ப் பகுதியில் அக்லார் ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் மௌண் மேளாவில் திம்ருப் பட்டையின் பொடியை ஆற்றில் கொட்டி மீன்களை மயங்கச் செய்து பிடிக்கிறார்கள். சமையலில் சேரும் சிட்டிகை அளவுக்கும் அந்த அளவுக்கும் தொடர்பே இல்லை என்றாலும், வீரியம் உள்ள சரக்கு என்பதை அது காட்டுகிறது. ஆகவே மருந்தாக எண்ணித் தேக்கரண்டிக் கணக்கில் தின்பதைத் தவிருங்கள்; வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு டிமுரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு நாக்கு மரப்பது திகிலாக இருக்கும் என்பதால் அவர்கள் தட்டில் வேண்டாம்.

மீதமுள்ள பொட்டலத்தில் இன்று ஒரே ஒரு தோலை எடுத்து, விதையை நீக்கி, முன்பல்லால் கடித்து நாக்கின் நுனியில் வையுங்கள். முதலில் நாரத்தை மணம், பிறகு சிறு கசப்பு, அரை நிமிடத்தில் உதட்டோரத்தில் அந்தத் துடிப்பு என்று வரிசையாக வரும். அதை அறிந்தபின் நான்கு தக்காளியைச் சுடுங்கள். பத்துத் தோலுக்குப் பதில் ஆறில் தொடங்குங்கள்.